கொட்டியது ஒன்றுதான்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று முற்பகல், கன்னடியன் கால்வாய்க் கரையில், சங்கிலிபூதத்தான் அண்ணாச்சியின் தென்னந்தோப்பில் நடந்த மகா யுத்தத்தில் நாற்பதாயிரம் தேனீக்கள் என் ஒருவனைக் குறிவைத்துப் பாய்ந்தன. வானம் இருண்டது. கொக்குகள் திசைமாறிப் பறந்தன. நான் மலைபோல நின்றேன்.

முஃபீதா என் மூக்கை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் கொட்டிருக்கு மாமா" என்றாள்.

பிற்காலத்தில் என் சரித்திரத்தைப் படிக்கப் போகிறவர்கள் அறியும்பொருட்டு எழுதி வைக்கிறேன்: முஃபீதா என் தங்கை மைதீன் பாத்திமாவின் ஒரே மகள். (தங்கைக்கு நான் 'காக்கா'; எங்கள் வழக்கில் அண்ணன்.) முஃபீதாவின் மாப்பிள்ளை ரசீத் ஷார்ஜாவில் இருக்கிறார். தாயும் மகளும் கீழ்வீட்டில். என் வீட்டுக்காரி மௌத்தான பிறகு மாடியில் நானும் என் ஒலிபெருக்கிகளும். சேரன்மகாதேவி வட்டாரத்தில் எந்தக் கல்யாணம், கந்தூரி, கோயில் கொடை என்றாலும் 'நூகு மைக் செட்' இல்லாமல் நடக்காது. (நடக்கும். ஆனால் காது கேட்காது.)

அந்தத் தோப்பில் முஃபீதாவுக்கு இருபது தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. பயிற்சிக்குப் போய்ப் படித்துவந்து அவளே வைத்தது. ஒவ்வொரு பெட்டியையும் அவள் திறக்கிற விதம், தூங்குகிற பிள்ளையின் போர்வையை விலக்குவது மாதிரி இருக்கும். இன்று தேன் எடுத்தோம். நான் உதவி செய்தேன் என்பதைவிட, உபத்திரவம் செய்தேன் என்று அவள் சொல்லக்கூடும்.

வீட்டுக்கு வந்ததும் மைதீன் பாத்திமா வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்து என் மூக்கில் அப்பினாள். முஃபீதாவின் மணிக்கட்டிலும் ஒரு கொட்டு. அதற்கும் சுண்ணாம்பு. ஆனால் அவளுக்கு வீக்கம் முழங்கைவரை ஏறியிருக்கிறது.

"போன மாசம் கொட்டுனப்ப இம்புட்டு வீங்கலயே" என்றாள் தனக்குள்ளே பேசுவதுபோல.

தேனீக்காரிக்கு வீக்கம் ஒரு வீக்கமா?

பிப்ரவரி 10

மூக்கு இன்று பொதிகை மலையைவிட ஒரு சாண் உயரம். மேகங்கள் முட்டி மழை பெய்யுமோ என்று விவசாயிகள் ஆவலாக இருப்பதாகக் கேள்வி.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

ஜும்ஆ முடிந்து வந்து சோற்றில் கைவைக்கப் போனேன். முஃபீதா தோப்பிலிருந்து வந்து வாசலில் நின்றாள். பிடரியில் கொட்டிவிட்டது என்றாள். வழக்கம்போலச் சுண்ணாம்பு. நானும் வழக்கம்போல ஏதோ கிண்டலடித்தேன்—என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை—அவள் சிரிக்கவில்லை.

"உள்ளங்கையெல்லாம் அரிக்குது மாமா."

பார்க்கப் பார்க்கவே கழுத்து, கை, வயிறு என்று தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உதடு தடித்தது. கண் இடுங்கியது. ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். மைதீன் பாத்திமா, "பித்தமா இருக்கும், வெயிலு" என்று எலுமிச்சம்பழத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, ஒலிபெருக்கி ஏற்றுகிற லோடு ஆட்டோவில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தேன். உண்மையிலேயே பறந்தேன். ரயில்வே கேட் திறந்திருந்தது—அல்லா இருக்கான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கிறிஸ்டி இருந்தார். வந்து இரண்டு வருஷம் ஆகிறது, சின்ன வயசு, சிரிக்கவே சிரிக்காத அம்மா. முஃபீதாவைப் பார்த்த பார்வையிலேயே மற்ற நோயாளிகளை விட்டுவிட்டு எழுந்தார். தொடையில் ஒரு ஊசி. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் முஃபீதாவின் முகம் முஃபீதாவின் முகமாகத் திரும்பி வந்தது.

சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். நாளைக்கு வீட்டாள் ஒருவரோடு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

தட்டில் சோறு அப்படியே காய்ந்து கிடக்கிறது.

பிப்ரவரி 15

டாக்டர் கிறிஸ்டி சொன்னது: முஃபீதாவின் உடம்புக்குத் தேனீ விஷம் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. இத்தனை நாள் கொட்டியதெல்லாம் பழகி உரமேறும் என்று நாம் நினைத்தோம். அவள் உடம்போ ஒவ்வொரு கொட்டுக்கும் கோபத்தைச் சேர்த்துவைத்திருக்கிறது. அடுத்த கொட்டுக்கு மூச்சுக்குழாய் அடைக்கலாம். ரத்த அழுத்தம் சடாரென்று விழலாம்.

"சுண்ணாம்பு போட்டோமே டாக்டர்" என்றாள் மைதீன் பாத்திமா.

"சுண்ணாம்பு தோலைத்தாம்மா பொசுக்கும். விஷம் உள்ள போயாச்சுல்லா. கொட்டுனதும் கொடுக்கை நகத்தால வழிச்சு எடுத்துரணும், அதான் மொதல்ல."

ஒரு ஊசிமருந்தை எழுதிக் கொடுத்தார். சிறிய கண்ணாடிக் குப்பி. அட்ரினலின். வெளிநாட்டில் மருந்தை நிரப்பி மூடியைக் கழற்றிக் குத்துகிற மாதிரியே பேனாபோல விற்கிறார்களாம். நம் பக்கம் கிடைப்பது கஷ்டம். நாமே குப்பியை உடைத்து, அரை மில்லி உறிஞ்சி, தொடையின் வெளிப்பக்கம் நடுவில் செங்குத்தாகக் குத்த வேண்டும். துணியோடேயே குத்தலாம். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். நடக்கவிடக் கூடாது. குத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி—சரியானமாதிரி தெரிந்தாலும்.

"மாத்திரை போட்டுட்டுப் பாப்போம்னு இருந்துராதீங்க. மாத்திரை வேலை செய்யுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். சந்தேகமா இருந்தா குத்திருங்க. தேவையில்லாம குத்துனா கொஞ்சம் நெஞ்சு படபடக்கும், போயிரும். தேவைப்படுறப்ப குத்தாம இருந்தா—" என்று நிறுத்தினார். "வீட்டுல யார் குத்துவீங்க?"

மைதீன் பாத்திமா கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"டாக்டரம்மா, நான் யானைக்கே ஊசி போட்டவன். நெல்லையப்பர் கோயில் யானைக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தப்ப—"

"அப்ப இந்த ஆரஞ்சுல போட்டுக் காட்டுங்க" என்றார் சிரிக்காமல்.

போட்டேன். ஆரஞ்சு பிழைத்துக்கொண்டது.

இனி நானும் இந்த டைரியும் மட்டும் அறிந்த ராஜரகசியம். எனக்கு ஊசி என்றால் ஆகாது. பார்த்தாலே ஆகாது; ஆரஞ்சில் குத்தியதும் கண்ணை மூடிக்கொண்டுதான். காதுக்குள் மைக் கூவுவதுபோல ஒரு சத்தம் கிளம்பும், கண் இருட்டும், அதோடு சரி. கொரோனா தடுப்பூசி போட்ட அன்று இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் போடச் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். முகாமில் என்னைத் தூக்கிப் போய் பெஞ்சில் படுக்கவைத்தவர்கள் வள்ளியூர்க்காரர்கள், நல்லவேளை.

ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரி 19

ரசீத் அனுப்பிய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று சும்மா கிடந்தது. அதில் இரண்டு குப்பி, இரண்டு சிரிஞ்சு, பஞ்சு. என் கைலி பெல்ட்டில் அதைச் செருகிக்கொண்டேன். பாண்டியனின் செங்கோல் மதுரைக்கு. இந்தக் கூடு சேரன்மகாதேவிக்கு. வெயிலில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் செங்கோலும் என்னோடு இறங்கி நிழலுக்கு வருகிறது.

பழகுவதற்கு டாக்டர் வெறும் தண்ணீர்க் குப்பிகள் கொடுத்திருக்கிறார். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு வாழைப்பழத்தில் குத்திப் பழகுகிறேன். மூன்றாவது பழத்துக்குத்தான் காது கூவாமல் இருந்தது.

மைதீன் பாத்திமா கீழே: "பழத்துலயெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கே, எந்த வண்டு காக்கா இது?"

"பெரிய வண்டு" என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தேனீப் பெட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடு என்று முஃபீதாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க மைக்குல பேசுறத விட்டுருவியளா மாமா?"

"என் மைக்கு என்னைக் கொல்லாதேட்டி."

"கேக்குறவங்களக் கொல்லுதுல்லா."

பிறகு சிரிப்பு நின்றது. அழுதாள். கல்யாணமாகி இந்த ஆறு வருஷத்தில் 'விசேஷம் ஏதும் உண்டா' என்று கேட்காத ஒரே ஜீவன் அந்தத் தேனீக்கள்தான் என்றாள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம். இனி பெட்டியைச் சங்கிலிபூதத்தான் அண்ணாச்சியின் ஆட்கள் திறப்பார்கள். இவள் வீட்டில் தேனை வடிகட்டிப் புட்டியில் அடைப்பாள். தோப்புப் பக்கம் போகக் கூடாது. சத்தியம் என்று தலையாட்டினாள்.

இரவு போனில் ரசீத்: "நீங்க இருக்கியள்லா மாமா, எனக்கென்ன கவலை."

பெல்ட்டில் கூடு ஒரு மணங்கு கனத்தது.

மார்ச் 2

முதல் நோன்பு. பள்ளிவாசல் கஞ்சியில் தாமிரபரணியைவிடத் தண்ணீர் அதிகம். நான்கு கிண்ணம் குடித்தேன்.

மார்ச் 9

மானம் போன நாள்.

சாயங்காலம் முஃபீதாவின் கன்னத்தில் ஒரு சிவந்த தடிப்பு. பார்த்தேன். அவ்வளவுதான்—"படு! படு! காலைத் தூக்கு!" என்று அலறிக்கொண்டு கூட்டைத் திறந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஆமிர் சுவரேறிக் குதித்து வந்தான். தெருவே கூடிவிட்டது.

கொசு.

"இதே வேலையாப் போச்சு இவ்வொளுக்கு" என்று மைதீன் பாத்திமா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முஃபீதா சிரித்துச் சிரித்து விக்கலெடுத்தாள். ஆமிர் கிளம்பும்போது, "மாமா, கொசுவுக்கு ஊசி போடுதியளா, பிடிச்சுத் தாரேன்" என்றான்.

சிரிக்கட்டும். குப்பியை உடைக்கும் முன் முஃபீதா கையைப் பிடித்துவிட்டாள். உடைத்திருந்தால் குத்தியிருப்பேனா? கை போயிருக்குமா? அதுதான் தெரியவில்லை. அலற எனக்குத் தெரியும். அடுத்தது?

மார்ச் 16

கொசு பற்றிய கதை பத்தமடை வரை போய்விட்டது. அங்கே அது கழுகாகியிருக்கிறது. என் சிஷ்யர்கள்.

மார்ச் 27, வியாழன்

முஃபீதா ஆஸ்பத்திரியில். உயிரோடு இருக்கிறாள். நாளை எழுதுகிறேன்.

மார்ச் 28, வெள்ளி

உள்ளபடி எழுதுகிறேன்.

நேற்று ரமலானின் இருபத்தேழாம் கிழமை ராத்திரிக்குப் பள்ளிவாசலில் பயான், அதாவது மார்க்கப் பேச்சு. அஸர் தொழுகைக்குப் பிறகு மினாராவில் ஏறிக் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிவிட்டுக் கஞ்சித் தூக்குவாளியோடு வீட்டுக்கு வந்தேன். நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மைதீன் பாத்திமா வாடா பொரித்துக்கொண்டிருந்தாள். முஃபீதா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முழுக்கைச் சட்டை. அந்தப் புழுக்கத்தில்.

ஏதோ சொன்னேன். பதில் சொன்னாள். குரல் அவளுடையதாக இல்லை. அடைத்து, கரகரவென்று.

உள்ளங்கையைத் தட்டின் விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டிச்சாட்டி?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"தோப்புக்குப் போனியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அதிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கூட்டை எடுத்தேன்.

"மாமா, பாங்கு சொல்லட்டும்" என்றாள். "இன்னைக்கு நோன்பு ஒண்ணு கேட்டு நிய்யத்து வச்சுப் பிடிச்சது. இத மட்டும் முறிக்கச் சொல்லாதிய."

பெட்டி ஒன்றிலிருந்து கூட்டம் பிரிந்துபோய்த் தென்னங்குலையில் தொங்குகிறது என்று அண்ணாச்சி போன் பண்ணியிருக்கிறார். ஆட்கள் யாரும் இல்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போயிருக்கிறாள். ஒரு தேனீ சட்டைக் கைக்குள் நுழைந்துவிட்டது. வந்து எங்களிடம் சொன்னால் நான் ஊசியைக் குத்துவேன், நோன்பு போய்விடும் என்று சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

மைதீன் பாத்திமா திரும்பிப் பார்த்து, "என்ன காக்கா, மறுபடி ஆரம்பிச்சிட்டியளா? இன்னும் கொஞ்ச நேரந்தான இருக்கு. எதுக்கெடுத்தாலும் பெருசாக்காதிய" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். கொசுவுக்குத் தெருவைக் கூட்டியவன் நான்.

நானும் நின்றேன். அதை எழுதத்தான் வேண்டும். கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். நோன்பாளி. புனிதமான ராத்திரி வருகிறது. கொஞ்ச நேரம்தானே. ஊசி போட்டால் நோன்பு முறியுமா முறியாதா? முறிந்தால் அந்தப் பாவம் யாருக்கு? இத்தனை நாள் செங்கோல் சுமந்தவனுக்கு இதை யாரிடமாவது கேட்டு வைக்கத் தோன்றவில்லையே.

முஃபீதா எழுந்திருக்கப் பார்த்தாள். சுவரைப் பிடித்தாள். முகம் சாம்பல் நிறமாகப் போனது. அப்படியே சரிந்தாள்.

"யா அல்லா" என்று மைதீன் பாத்திமா ஓடிவந்து தலையைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீரை வாயில் வைக்கப் போனாள்.

"விடு! படுக்கப் போடு! தூக்காத!"

என் குரல்தானா அது? முப்பது வருஷம் மைக்கில் கத்தியிருக்கிறேன். மைக் இல்லாமல் அப்படிக் கத்தியதில்லை. அவள் பயந்துபோய் விட்டுவிட்டாள். அரிசி மூட்டையை இழுத்து முஃபீதாவின் காலடியில் போட்டுக் காலைத் தூக்கி வைத்தேன். மூச்சு விசில் மாதிரி வந்தது. மார்பு ஏறி ஏறி இறங்கியது.

முதல் குப்பியை உடைத்தேன். கழுத்தில் உடையாமல் கைக்குள்ளேயே நொறுங்கியது. மருந்து தரையில். விரலில் ரத்தம்.

அப்போது காது கூவ ஆரம்பித்தது. எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். அடுத்து கண் இருட்டும். நூகு, இப்ப விழாதலே. விழுறதா இருந்தா குத்திட்டு விழு. ஏலே குத்திட்டு விழுலே. வாய்விட்டே சொன்னேனாம், மைதீன் பாத்திமா சொல்கிறாள்.

இரண்டாவது குப்பி. துணியைச் சுற்றி உடைத்தேன். சரியாக உடைந்தது. உறிஞ்சினேன். அரை. ஊசியைப் பார்க்கவில்லை, அவள் சுடிதாரின் பூவைப் பார்த்தேன். தொடையின் வெளிப்பக்கம். துணியோடே. செங்குத்தாக. அழுத்தினேன். முழுக்க அழுத்தினேன். உருவினேன்.

பிறகு விழுந்தேன். தூக்குவாளி கவிழ்ந்தது. கஞ்சியில்தான் கிடந்திருக்கிறேன்.

நினைவு வந்தபோது பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிய ஒலிபெருக்கி. முஃபீதாவுக்குக் கண் திறந்திருந்தது.

"பாங்கு" என்றாள்.

மைதீன் பாத்திமா சத்தம் போட்டதில் ஆமிர் வந்துவிட்டான். அவன்தான் லோடு ஆட்டோவை ஓட்டினான். பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே அவளைப் படுக்கப் போட்டுக் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். "சரியாயிட்டு மாமா, வீட்டுக்குப் போவம்" என்றாள் பாதி வழியில். நான் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் படுக்கையில் போட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூச்சு அடைத்தது. டாக்டர் கிறிஸ்டி இன்னொரு ஊசி போட்டார். குளுக்கோஸ் ஏற்றினார். ஆக்சிஜன் வைத்தார். வீட்டிலேயே இருந்திருந்தால்?

எல்லாம் அடங்கியபின் டாக்டர் என் விரலுக்கு மருந்து வைத்துக் கட்டினார். "முன்னாடி ஊசி போட்டது யாரு?" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். யானை ஞாபகத்துக்கு வரவில்லை.

"சரியாப் போட்டிருக்கீங்க. கொஞ்சம் லேட்" என்றார்.

நான் நோன்பு திறந்தது அதற்குப் பிறகுதான். யாரோ கொடுத்த தண்ணீர்.

மார்ச் 29

பள்ளிவாசல் ஹஸ்ரத் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முஃபீதா கேட்டாள். ஊசியால் நோன்பு முறியாது என்றே மார்க்கம் படித்த ஆலிம்கள் நிறையப் பேர் சொல்கிறார்கள், முறிந்தாலும் உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விடுவதுதான் கடமை, பிறகு வேறொரு நாள் பிடித்துக் களாச் செய்துகொள்ளலாம் என்றார். "இத மொதல்லயே கேட்டிருக்கலாம்லா?"

வெள்ளிக்கிழமை நகம் வெட்டலாமா என்று கேட்பதற்கெல்லாம் அவரிடம் ஓடுகிற குடும்பம் எங்களுடையது.

மார்ச் 31, பெருநாள்

முஃபீதா வீட்டுக்கு வந்துவிட்டாள். மருதாணி இல்லாத பெருநாள். கையில் ஊசி குத்திய கருப்பு.

பெருநாள் தொழுகை முடிந்து ஈத்கா திடலில் என்னைச் சுற்றிக் கூட்டம். ஆமிர் கதை சொல்லிக்கொண்டிருந்தான்: "ஒரு கையில குப்பி, ஒரு கையில ஊசி, மாமா பல்லாலயே கடிச்சு உடைச்சு—" எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். மெருகேற்றுவேன் என்று.

"ஒரு குப்பியை வீணாக்கிட்டேன்" என்றேன். "பெறகு மயங்கி விழுந்துட்டேன்."

நம்பாமல் சிரித்தார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரசீத்திடம் முஃபீதாவே எல்லாம் சொன்னாள். அடுத்த மாதம் வருகிறார். வந்ததும் சென்னைக்குப் போய் ஒவ்வாமைப் பிரிவில் காட்டச் சொல்லி டாக்டர் கிறிஸ்டி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். விஷத்துக்கு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிற வைத்தியம் இருக்கிறதாம்; இவளுக்கு ஆகுமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது கூடு இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று அவளிடம். தனக்குத் தானே குத்திக்கொள்ளப் பழகுகிறாள். முதல் ஆரஞ்சிலேயே சரியாக வந்துவிட்டது. எனக்குப் பார்க்கும்போதே காது லேசாகக் கூவியது, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"யானைக்கே போட்டவங்க இப்படி உக்காரலாமா?" என்றாள்.

அந்த நோன்பை என்ன நிய்யத்து வைத்துப் பிடித்தாய் என்று நான் கேட்கவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் தென்னை உச்சிகள் தெரிகின்றன. அந்தி வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 11

சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி வந்தார். அன்றைக்குப் போன் பண்ணியதற்கு இன்னும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை அவரால். பெட்டிகளில் எறும்பு ஏறுகிறது, அடையில் புழு விழுகிறது, ஆட்கள் நடந்ததைக் கேட்டபிறகு கிட்டப் போகப் பயப்படுகிறார்கள் என்றார்.

முஃபீதா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"நான் திறக்குதேன்" என்றேன்.

"உம்ம மூக்கு?" என்றார் அண்ணாச்சி.

"அது ஏற்கெனவே பழகின மூக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். கொட்டு வாங்கிப் பழகுவது என்று ஒன்று இல்லை என்று தெரிந்தவன் நான். "கூடு வச்சிருக்கேன்" என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் லோடு ஆட்டோவில் ஒலிபெருக்கிகளை ஏற்றிக்கொண்டு போய்க் கால்வாய்க்கு இந்தக் கரையில், சாலையோரப் பூவரச மரத்தில் கட்டினேன். முஃபீதாவை வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். மடியில் அவளுடைய கூடு. கையில் மைக். டாக்டர் இந்தத் தூரத்துக்குத்தான் அனுமதி கொடுத்தார். அதையும் யோசித்துத்தான் கொடுத்தார். பக்கத்தில் ஆமிர், வண்டிச் சாவியோடு.

முகவலை, கையுறை, புகைக்குழல் சகிதம் நான் அக்கரைக்குப் போனேன்.

"மாமா, மூணாவது பெட்டி." தோப்பு முழுக்க அவள் குரல். "வாசலுக்கு நேரா நிக்காதிய. பக்கவாட்டுல நில்லுங்க. புகை கொஞ்சமாப் போடுங்க. பைய… பைய… அடுப்பு ஊதல நீங்க."

மூடியைத் திறந்தேன். கீழே அடைகளுக்குள் ஒரு பட்டணமே நகர்ந்துகொண்டிருந்தது. எத்தனை ஆயிரம் என்று எனக்குத் தெரியாது.

"சட்டத்த ரெண்டு கையாலயும் எடுங்க. வெளிச்சத்துல பாருங்க. புழு இருக்கா? இங்கேருந்து தெரியுது, தலையாட்டுனாப் போதும்."

தலையாட்டினேன். முப்பது வருஷத்தில் முதல்முறையாக என் மைக்கில் வேறொருவர் பேச, நான் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தேன். தென்னைக்குப் பின்னால் பதுங்கி நின்ற அண்ணாச்சி, "பாய், இத்தன நாளா உம்ம மைக்கு கெட்டுக் கெடந்துச்சுவே. இன்னைக்குத்தான் சரியாப் பேசுது" என்றார்.

ஆறாவது பெட்டியில் கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு தேனீ. சுருக்கென்றது. எனக்கே தெரியாமல் ஓர் அலறல் வந்திருக்கிறது.

ஒலிபெருக்கி நின்றது. பிறகு குரல் வந்தது:

"கொடுக்க நகத்தால வழிச்சு எடுங்க மாமா. கசக்கிராதிய. சட்டத்த வச்சு மூடிட்டு வந்து உக்காருங்க. உடம்பு அரிக்குதா? நாக்கு தடிக்குதா?"

வழித்து எடுத்தேன். மூடினேன். கால்வாய்க் கரைக்கு வந்து முகவலையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் நிறைய ஓடியது. அந்தப் பக்கம் வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் முஃபீதா கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கை விடவில்லை.

"எத்தனை கொட்டு மாமா?"

ஒரு விரலைக் காட்டினேன்.